ஒன்பது பெரியதா, நூறு பெரியதா?

ஓர் இணையப் பக்கம். அதில் இரண்டு பெட்டிகள். ஒரு பெட்டியில் மாணவர் பெற்ற மதிப்பெண்ணையும், மற்றொன்றில் தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண்ணையும் தட்டச்சு செய்ய வேண்டும். பொத்தானை அழுத்தினால் ‘தேர்ச்சி’ என்றோ ‘தேர்ச்சியில்லை’ என்றோ விடை வரும். மேல்நிலை முதலாண்டில் கணினிப் பயன்பாடுகள் பாடத்தை எடுத்து, ஜாவாஸ்கிரிப்ட் மொழியைச் சிறிது கற்றவர் எவரும் அரை மணி நேரத்தில் இதற்கு நிரல் எழுதிவிடலாம். தேர்ச்சிக்கு 35 என்று கொடுப்போம். மதிப்பெண் 34 என்றால் தேர்ச்சியில்லை. 35, 72, 99 ஆகியவற்றுக்குத் தேர்ச்சி. எல்லாம் சரியாக இருக்கிறதல்லவா? இப்போது 100 என்று கொடுத்துப் பாருங்கள். ‘தேர்ச்சியில்லை’ என்று வரும்! 9 என்று கொடுத்துப் பாருங்கள். ‘தேர்ச்சி’ என்று வரும்!

கணிப்பொறிக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று நினைக்க வேண்டாம். அதனிடம் நாம் கேட்ட கேள்வி வேறு. கேட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கேள்வி வேறு.

பெட்டியில் நாம் எதைத் தட்டினாலும் அதை உலாவி எழுத்துகளின் தொடராகவே நிரலுக்குக் கொடுக்கிறது. இப்படிப்பட்ட எழுத்துத் தொடரைச் ‘சரம்’ என்கிறோம். 100 என்று தட்டினால் நிரலுக்குக் கிடைப்பது நூறு என்னும் எண் அன்று. ‘ஒன்று, சுழி, சுழி’ என்னும் மூன்று எழுத்துகள். ஒரு மதிப்பு எண்ணா, சரமா, உண்மை–பொய் வகையா என்பதைத்தான் அதன் ‘தரவினம்’ என்று பாடநூல் சொல்கிறது. இரண்டு சரங்களில் எது பெரிது என்று கேட்டால், ஜாவாஸ்கிரிப்ட் அகராதிக்காரர் செய்வதைச் செய்கிறது: முதல் எழுத்தை முதல் எழுத்தோடு ஒப்பிடுகிறது. அவை வேறானால் அங்கேயே தீர்ப்பு முடிந்தது. அகராதியில் ‘எறும்பு’க்குப் பின்னால் ‘ஒட்டகம்’ வருவதற்கும் அவற்றின் உருவத்துக்கும் சம்பந்தம் உண்டா? அதுபோலத்தான் இதுவும். 9 என்னும் எழுத்து 3 என்னும் எழுத்துக்குப் பின்னால் வருவது. ஆகவே ‘9’ பெரிது, ‘35’ சிறிது. ‘100’ என்பதன் முதல் எழுத்து 1; அது 3க்கு முன்னால் வருவது; ஆகவே நூறு சிறிது. இந்தக் கணக்கின்படி 4 முதல் 9 வரை மதிப்பெண் பெற்ற அனைவரும் தேறுவார்கள். 3 பெற்றவர் தேறமாட்டார். ஏன் என்று யோசித்துப் பாருங்கள், நான் சொல்லப்போவதில்லை.

இதில் உங்கள் கவனத்துக்கு வர வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 10 முதல் 99 வரை உள்ள எல்லா மதிப்பெண்களுக்கும் இந்த நிரல் சரியான விடையே தருகிறது. இரண்டும் ஈரிலக்கமாக இருக்கும்வரை அகராதி வரிசையும் எண் வரிசையும் ஒன்றே. வகுப்பறையில் நாம் சோதித்துப் பார்க்கிற எண்கள் பெரும்பாலும் 34, 35, 60 போன்றவைதாமே! பிழை அதற்குள் சுகமாக ஒளிந்துகொள்கிறது. நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரு பெண் வரும்வரை அது வெளியே தெரியாது.

மதிப்பெண் கணக்கு என்றால் ஆசிரியர் பார்த்துத் திருத்திவிடுவார். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். நெல்லிக்குப்பம் கரும்பு ஊர். இங்குள்ள சர்க்கரை ஆலையின் வரலாறு 19ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. கெடிலக் கரையிலிருந்து உள்ளே போனால் கரும்பு வெட்டும் காலத்தில் வண்டிகளுக்கு வழிவிட்டே நடக்க வேண்டும். கரும்புக்கு மத்திய அரசு அறிவிக்கும் நியாயமான ஆதாய விலை, ஆலையின் சர்க்கரைக் கட்டுமானத்தைப் பொறுத்தது. அதாவது, நூறு கிலோ கரும்பிலிருந்து எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்கிறது என்னும் சதவீதத்தைப் பொறுத்தது. 2024–25 பருவத்துக்கு 10.25 சதவீதக் கட்டுமானம் உள்ள கரும்புக்குக் குவிண்டாலுக்கு ரூ. 340 என்று விலை வைத்தார்கள். ஒவ்வொரு 0.1 சதவீத உயர்வுக்கும் ரூ. 3.32 கூடும், குறைவுக்கு அதே அளவு குறையும். ஆனால் கட்டுமானம் 9.5 சதவீதத்துக்குக் கீழே போனால் மேலும் குறைக்காமல் ரூ. 315.10 தர வேண்டும்.

தந்தைக்கு உதவியாக ஒரு மாணவர் இதற்கு ஓர் இணையப் பக்கம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விதி ஆண்டுதோறும் மாறக்கூடியது என்பதால், கட்டுமானத்தையும் 9.5 என்னும் எல்லையையும் பெட்டிகளிலேயே வாங்குகிறார். நல்ல யோசனைதான். கட்டுமானம் 9.2 என்று கொடுத்தால் ரூ. 315.10 என்று சரியாக வருகிறது. 9.8 கொடுத்தாலும் சரியாக வருகிறது. 10.45 கொடுத்தால்? ‘10.45’ என்னும் சரம் ‘9.5’ என்னும் சரத்தைவிடச் சிறியது. முதலெழுத்து 1 அல்லவா? ஆகவே எல்லைக்குக் கீழே என்று தீர்மானித்து, அங்கும் ரூ. 315.10 என்றே காட்டும். உண்மையில் கிடைக்க வேண்டியது 340 + 6.64, அதாவது ரூ. 346.64. குவிண்டாலுக்கு ரூ. 31.54 நட்டம். நாற்பது டன் கரும்பு என்றால் ரூ. 12,616. திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. சிவப்பு எழுத்தும் வராது. இரண்டு தசம இடங்களோடு, ரூபாய்க் குறியோடு, மிக ஒழுங்காக ஒரு தவறான தொகை நிற்கும். கரும்பு நன்றாக விளைந்து கட்டுமானம் கூடிய ஆண்டில்தான் இந்தத் தவறு நேரும் என்பதையும் கவனியுங்கள்.

சரி, சரங்களுக்குப் பதிலாக ஒரு பக்கம் எண்ணும் மறுபக்கம் சரமும் இருந்தால் என்ன ஆகும்? இங்கேதான் எனக்கு இந்த மொழியின் மீது உண்மையான மனத்தாங்கல். ஜாவாஸ்கிரிப்ட்டை 1995ஆம் ஆண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் உருவாக்கினார். நிரல் எழுதிப் பழகாதவர்களும் இணையப் பக்கத்தில் சிறு வேலைகளைச் செய்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். அதனால் அது மிகவும் இரக்க குணம் படைத்த மொழியாகப் பிறந்தது. எண்ணையும் சரத்தையும் == என்னும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால், ‘இரண்டும் வேறு இனம்’ என்று தடுக்காமல், சரத்தை எண்ணாக மாற்றிப் பார்த்துவிட்டு விடை சொல்லும். கேட்காமல் செய்யும் உதவி இது.

இந்த உதவியின் விளைவைப் பாருங்கள். வெற்றுச் சரத்தை, அதாவது ஒன்றுமே எழுதாத பெட்டியை, 0 என்னும் எண்ணோடு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் ‘சமம்’ என்கிறது. ‘0’ என்னும் சரத்தை 0 என்னும் எண்ணோடு ஒப்பிட்டாலும் ‘சமம்’ என்கிறது. ஆனால் வெற்றுச் சரத்தையும் ‘0’ என்னும் சரத்தையும் ஒப்பிட்டால் ‘சமமில்லை’ என்கிறது. முதலாவது இரண்டாவதற்குச் சமம், இரண்டாவது மூன்றாவதற்குச் சமம், ஆனால் முதலாவதும் மூன்றாவதும் சமமில்லை!

இயற்பியல் படிப்பவர்கள் இந்த இடத்தில் திடுக்கிட வேண்டும். வெப்ப இயக்கவியலின் சுழி விதி என்ன சொல்கிறது? இரண்டு பொருள்கள் தனித்தனியே மூன்றாவது பொருளோடு வெப்பச் சமநிலையில் இருந்தால், அவை தமக்குள்ளும் வெப்பச் சமநிலையில் இருக்கும். இது உண்மையாக இருப்பதால்தான் வெப்பநிலைமானி என்னும் கருவியே சாத்தியமாகிறது. காலையில் ஒரு நோயாளியின் உடம்பிலும் மாலையில் மற்றொருவர் உடம்பிலும் அதே அளவைக் காட்டினால், இருவருக்கும் ஒரே காய்ச்சல் என்கிறோம். அவ்விருவரையும் ஒட்டி நிற்கவைத்துப் பார்ப்பதில்லை. இரட்டைச் சமக்குறி இந்த விதிக்குக் கட்டுப்படாதது. சுழி விதிக்குக் கட்டுப்படாத வெப்பநிலைமானியை ஆய்வகத்தில் யாராவது வைத்திருப்பார்களா?

தேர்வுக்கே வராத மாணவரின் கட்டம் காலியாக இருக்கும். வந்து சுழி வாங்கியவரின் கட்டத்தில் 0 இருக்கும். இருவரையும் ஒன்றாக எண்ணிவிடுகிற நிரல் யாருக்கோ மறுதேர்வு வாய்ப்பை இல்லாமல் செய்துவிடலாம். பெட்டியிலிருந்து வருவதை முதலிலேயே எண்ணாக மாற்றிக்கொண்டால் போதுமே என்று சொல்வீர்கள். மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘நம்பர்’ என்னும் மாற்றுச் செயற்கூறு வெற்றுச் சரத்தையும் 0 என்றே மாற்றுகிறது! ஆகவே, காலியா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகுதான் மாற்ற வேண்டும்.

1999ஆம் ஆண்டு வந்த மூன்றாம் தர வரையறையில் === என்னும் மும்மைச் சமக்குறி சேர்க்கப்பட்டது. இது இனத்தையும் பார்க்கும்; இனம் வேறானால் உடனே ‘சமமில்லை’ என்றுவிடும். இதற்குச் சுழி விதி பொருந்தும். பள்ளியில் இதையே முதலில் சொல்லித்தர வேண்டும், இரட்டைச் சமக்குறியைப் பழைய நிரல்களைப் படிப்பதற்காக மட்டும் பிற்பாடு சொல்லலாம் என்பது என் கருத்து. இப்போது பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. ஆனால் பெரிது, சிறிது பார்க்கும் குறிகளுக்கு இப்படிப்பட்ட கண்டிப்பான துணைக்குறி எதுவும் கிடையாது. நமது கரும்புக் கணக்கில் மும்மைச் சமக்குறியால் பயனில்லை. அங்கே எண்ணாக மாற்றிக்கொள்வது ஒன்றே வழி.

மேல்நிலை இரண்டாமாண்டில் நீங்கள் சந்திக்கும் பிஎச்பி மொழியிலும் இதே குணம் உண்டு. 0 என்னும் எண்ணும் ‘நெல்லிக்குப்பம்’ என்னும் சரமும் சமமா என்று கேட்டால், ‘சமம்’ என்றே அது நெடுங்காலம் சொல்லிவந்தது. எண்ணாக மாற்ற முடியாத சரத்தை 0 என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். 2020 நவம்பரில் வெளிவந்த எட்டாம் பதிப்பில்தான் இதைத் திருத்தினார்கள். இன்னொன்று இன்னமும் இருக்கிறது. கடவுச்சொற்களை எம்.டி.5 என்னும் முறையில் 32 குறிகள் கொண்ட சுருக்கமாக மாற்றிச் சேமிப்பது முன்பு வழக்கம். 240610708 என்பதன் சுருக்கத்தில் முதலில் 0, அடுத்து ‘இ’ என்னும் ஆங்கில எழுத்து, பிறகு முழுவதும் இலக்கங்கள் வருகின்றன. உங்கள் கணிப்பானில் பத்தின் அடுக்கைக் காட்டும் அதே எழுத்துதான் அது. இரட்டைச் சமக்குறி இதைச் ‘சுழி பெருக்கல் பத்தின் ஏதோ ஓர் அடுக்கு’ என்று படிக்கிறது. சுழியை எதனால் பெருக்கினாலும் சுழிதானே! ஆகவே இதே அமைப்புள்ள சுருக்கத்தைத் தரும் வேறொரு சொல்லும் ‘சமம்’ ஆகிவிடும், பூட்டு திறந்துகொள்ளும். இதைப் பயன்படுத்திக் கடவுச்சொல் சோதனையை ஏமாற்றும் வழி, பாதுகாப்புத் துறையினருக்கு நன்கு தெரிந்த ஒன்று.

இதுவரை எண்ணாக இருக்க வேண்டியவை சரமாக வந்த கதையைப் பார்த்தோம். எதிர்ப்பக்கத்திலும் பள்ளம் இருக்கிறது. இலக்கங்களால் எழுதப்பட்டதெல்லாம் எண் ஆகிவிடாது. கடலூருக்குத் தொலைபேசியின் எஸ்.டி.டி. குறியீடு 04142. ஜாவாஸ்கிரிப்ட்டில் மேற்கோள் குறி இல்லாமல் 04142 என்று எழுதி, அதன் மதிப்பைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். 2146 என்று வரும்! முன்னால் சுழி இருந்தால் அதை எட்டின் அடிமான எண்ணாகப் படிக்க வேண்டும் என்னும் பழைய வழக்கம் அதற்கு உண்டு. 4×512 + 1×64 + 4×8 + 2 = 2146. கணக்குச் சரிதான். விருத்தாசலத்தின் 04143 இவ்வாறே 2147 ஆகும். சிதம்பரத்தின் 04144 என்பது 2148 ஆகும். உளுந்தூர்ப்பேட்டையின் குறியீடு 04149. எட்டின் அடிமானத்தில் 9 என்னும் இலக்கமே கிடையாதல்லவா? ஆகவே அதை மட்டும் பத்தின் அடிமானமாகவே எடுத்துக்கொண்டு 4149 என்று காட்டும்! பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு இரண்டு வேறு நீதி. ‘கண்டிப்பு முறை’யில் நிரலை இயக்கினால் இப்படி எழுதுவதையே பிழை என்று சொல்லி நின்றுவிடும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

எது எண், எது சரம் என்று தெரிந்துகொள்ள நான் மாணவர்களுக்குச் சொல்லும் சோதனை எளிது: இரண்டைக் கூட்டினால் ஏதாவது பொருள் வருகிறதா? இரண்டு மூட்டைகளின் எடையைக் கூட்டலாம். இருவருடைய தேர்வு எண்களைக் கூட்டி என்ன காண்பது? தேர்வு எண், அஞ்சல் குறியீட்டு எண், கைபேசி எண் ஆகியவை எல்லாம் இலக்கங்களால் ஆன பெயர்களே. அவற்றைச் சரமாகவே வைத்திருங்கள். (வெப்பநிலை இந்தச் சோதனையில் தோற்றுப்போகும், 30 பாகையையும் 40 பாகையையும் கூட்டி யாரும் 70 பாகை என்பதில்லை. ஆனாலும் அது எண்தான். சோதனைக்கும் விதிவிலக்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

இப்படிக் கண்டிப்பாக இருந்தால் புதிதாகப் படிப்பவர்கள் பயந்துவிடமாட்டார்களா, நிரல் பாதியில் நிற்பது நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், ஐரோப்பியர்களின் ஏரியான் 5 ஏவுகலம் முதல் பயணத்தில் கிளம்பிய சுமார் 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. 64 பிட்டு மிதப்புப் புள்ளி எண் ஒன்றை 16 பிட்டு முழு எண்ணாக மாற்றும்போது, அந்த மதிப்பு 32,767 என்னும் எல்லைக்குள் அடங்கவில்லை. ஏரியான் 4இல் ஒழுங்காக வேலை செய்த நிரல் அது. புதிய ஏவுகலத்தின் வேகம் அதிகம். இங்கே நிரல் பிழையை மறைக்கவில்லை. ‘என்னால் முடியாது’ என்று சொல்லி, வழிகாட்டும் கணிப்பொறி நின்றே போனது. மாற்றாக வைத்திருந்ததும் அதே நிரலால் இயங்கியதால் அதுவும் நின்றது. வானத்தில் போனபின் கூச்சலிட்டுப் பயனில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் தரையில், மேசையின் மேல் இருக்கும்போதே அந்தக் கூச்சல் கேட்டிருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே சான்று. நீங்கள் பள்ளிக் கணிப்பொறியில் எழுதும் நிரல் மேசையின் மேல்தான் இருக்கிறது. அங்கே அது எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும்.

பிழையைத் தேடும்போது பெரும்பாலோர் செய்வது என்ன? மாறியின் மதிப்பைத் திரையில் காட்டிப் பார்ப்பது. திரையில் 9 என்று வரும். சரமானாலும் 9தான், எண்ணானாலும் 9தான். ஆய்வகப் பதிவேட்டில் 9.8 என்று மட்டும் எழுதி, அலகை எழுதாமல் விட்டால் நாங்கள் மதிப்பெண் குறைக்கிறோம் அல்லவா? அதே நியாயம்தான் இங்கும். மதிப்பைக் காட்டும்போது ‘டைப்ஆஃப்’ என்னும் செயற்குறியைக் கொண்டு அதன் இனத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத் தேடல் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

செய்முறைத் தேர்வு வைக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கொடுத்த உள்ளீட்டுக்குச் சரியான வெளியீடு வந்தால் முழு மதிப்பெண் என்னும் முறை போதாது. காலிப் பெட்டி, 9, 100, 035, ஓர் இடைவெளி மட்டும் என்று ஐந்தாறு முரட்டு உள்ளீடுகளை மாணவரே தேர்ந்தெடுத்துத் தம் நிரலைச் சோதித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பாதி மதிப்பெண் தரலாம். மின்சுற்றை இணைத்ததும் மின்சாரம் தருவதற்கு முன் ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறோம். நிரலுக்கு மட்டும் ஏன் சலுகை?

இரு பக்கமும் சரமாகவே இருந்து, மும்மைச் சமக்குறியும் போட்டு, பார்வைக்கும் எழுத்து மாறாமல் இருந்தும், ‘சமமில்லை’ என்று வருவதுண்டு. தமிழில் இது அடிக்கடி நேரும். ‘கொள்ளிடம்’ என்பதன் முதலெழுத்தை ஒருங்குறியில் இரண்டு வகையாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம்; அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு ஒன்றில் இரண்டு குறிகள், மற்றொன்றில் மூன்று. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ‘நார்மலைஸ்’ என்னும் செயற்கூறு ஜாவாஸ்கிரிப்ட்டில் இருக்கிறது. தமிழ்ப் பெயர்ப் பட்டியலில் தேடும் நிரல் எழுதுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

நெய்வேலி நகரியத்தில் தெருக்கூட்டங்களை எண்ணிட்டு ‘வட்டம்’ என்று அழைக்கிறார்கள். அங்கிருந்து இதைப் படிக்கும் நண்பர்கள் இன்று மாலையே ஒரு சோதனை செய்யலாம். 2, 9, 10, 21 ஆகிய நான்கு வட்டங்களை ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓர் அணியில் இடுங்கள். மேற்கோள் குறி வேண்டாம், எண்ணாகவே இருக்கட்டும். ‘சார்ட்’ என்று அடைப்புக்குள் எதுவும் எழுதாமல் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். எந்த வட்டம் முதலில் வருகிறது, எது கடைசியில் வருகிறது என்று பாருங்கள். எண்களைத்தானே கொடுத்தோம், அப்படியிருந்தும் ஏன் இந்த வரிசை என்பதற்கு உங்கள் விளக்கத்தை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு, பிறகு உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.